ஏற்காடு விடுமுறையில் சோல் ரெக்கார்டு தேடுவது எப்படி

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்ப்பார்கள், இறங்கும்போது காபிப்பொடியும் மிளகும் வாங்கிக்கொள்வார்கள். நானும் அதெல்லாம் செய்வேன். கூடவே என் பையில் ஒரு சின்ன டார்ச்சும் நாலு தடித்த அட்டையும் இருக்கும். பழைய பாட்டு ரெக்கார்டு எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்ப்பதற்காக. அதிலும் சோல் ரெக்கார்டு என்றால் வீட்டுக்காரர்களை அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றுவிடுவேன். இந்தப் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எதை வாங்காமல் விடுவது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

சோல் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களில் கைதட்டி, உருகி, கூவிப் பாடிய பாட்டு, காதலையும் பிரிவையும் உரிமையையும் பாட வெளியே வந்தபோது பிறந்தது அது. 1959-ல் பெர்ரி கோர்டி டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கினார். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, டயானா ராஸ், சிறுவன் மைக்கேல் ஜாக்சன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனி. மூடிப்போன ஒரு சினிமா கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். சரிவான தரையைக்கூடச் சமன் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஓட்டிஸ் ரெடிங் பாடியது அங்கேதான். 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26. அரீத்தா ஃபிராங்க்ளின், டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற ஒரு போதகரின் மகள். அப்பாவின் ஆலயத்தில் பாடிப் பழகிய குரலை அட்லாண்டிக் கம்பெனியின் ரெக்கார்டுகளில் கேட்கலாம்.

சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த இடம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலனை 1938-ல் தயாரித்ததும் அந்தக் கம்பெனிதான். அங்கே ஸ்டுடியோவில் பிறந்த பாட்டுகள் ரெக்கார்டாகி ஊர் ஊராகப் போயின. கொட்டகையும் பாட்டும் ரெக்கார்டும் நமக்கும் பழைய உறவுதான். மலையேறும் முன் அந்த வளைவுக்குக் கீழே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் ஒரு கட்டு ரெக்கார்டு கிடைத்தால் பெரும்பகுதி தமிழ் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டுமாகத்தான் இருக்கும். ஆங்கிலம் வந்தால் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், அபா, போனி எம் என்று வரும். சோல் அவற்றுக்கு நடுவில் ஒன்றோ இரண்டோ. சில பயணங்களில் ஒன்றுகூட இருக்காது. அதனால் கண்ணைத் தமிழ் ரெக்கார்டுகளுக்கும் திறந்தே வையுங்கள். இன்ரெகோ, எக்கோ முத்திரையில் வந்த எண்பதுகளின் இளையராஜா எல்.பி., அதாவது பெரிய பன்னிரண்டு அங்குலத் தட்டு, நல்ல நிலையில் கிடைத்தால், சோல் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட மாட்டேன்.

மலைக்கு முன் ஊர்

புதியவர்கள் செய்யும் தவறு, நேராக மலைக்குப் போய்த் தேடுவது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் பங்களாக்கள் உண்டு, 1917-லிருந்து நடக்கும் மான்ட்ஃபோர்ட் பள்ளி உண்டு, கான்வென்ட்டுகள் உண்டு. ஆங்கிலப் பாட்டு கேட்ட வீடுகள் அங்கே இருந்தன என்பது சரிதான். ஆனால் ஒரு பழைய பங்களா கைமாறும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை எல்லாம் லாரியில் ஏறும். அவற்றோடு ரேடியோகிராமும் ஏறும். வாங்க ஆள் இருப்பது கீழேதான். சாமான் இறங்கி நிற்கும் இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். எனவே ஒரு முழு நாளைச் சேலத்துக்கு ஒதுக்குங்கள்.

பழைய மரச்சாமான் கடைகளில் தொடங்குங்கள். செவ்வாப்பேட்டை, கடைவீதிப் பக்கத்துச் சந்துகளில் நடந்துதான் போக வேண்டும். காரில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். கடையில் ரேடியோகிராம் நின்றால் அதன் வயிற்றைத் திறந்து பாருங்கள். பார்க்க சைடுபோர்டு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ரேடியோ, மேல்மூடியைத் தூக்கினால் பிளேயர், அடியில் ரெக்கார்டு செருகும் தட்டு. மரத்துக்கு விலை பேசி வாங்கிய கடைக்காரர் பலசமயம் அந்த அடித்தட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது பழைய பேப்பர், பழைய இரும்புக் கடைகள். அதற்கும் அடுத்தது ரேடியோ மெக்கானிக்குகள். அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் கிடைத்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். யார் வீட்டில் பிளேயர் இருந்தது, யார் பெல்ட் மாற்ற வந்தார், எந்த ரெக்கார்டிங் சென்டர் மூடிய பிறகு சரக்கு எங்கே போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேசட் காலத்தில் நாம் பாட்டு எழுதிய சீட்டைக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய அந்த ரெக்கார்டிங் சென்டர்கள்தான் ஒருகாலத்தில் ஊரின் பெரிய எல்.பி. குவியல்களை வைத்திருந்தவை. ஒரு சீட்டுக்கு ஒரு முறை என்று ஓட்டிய ரெக்கார்டுகள் அவை. முள்ளும் ஓரளவு நல்லதாக இருந்திருக்கும். ஆகவே நிலைமை மோசமிருக்காது.

மைக்செட்காரர்களிடமும் நிறைய இருக்கும், ஆனால் கவனம். கல்யாணத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் விடிய விடிய ஓடிய தட்டுகள் அவை. கனமான முள், தூசி, அவசரக் கை. மேலே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும், போட்டால் மணலை வறுப்பது மாதிரிச் சத்தம் வரும்.

கேட்கும் விதமும் முக்கியம். கடையில் போய் "ரெக்கார்டு இருக்குங்களா?" என்றால், பத்திர ரெக்கார்டா என்று கேட்பார்கள். "பாட்டு ரெக்கார்டுங்க, பெரிய பிளேட்டு, அந்தக் காலத்துல ரேடியோகிராம்ல போடுவாங்களே" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். உடனே முகம் மாறும். எடுத்த எடுப்பில் சோல், மோட்டவுன் என்றெல்லாம் பேச வேண்டாம். "இங்கிலீஷ் பாட்டு ஏதாவது கலந்து கிடக்குதுங்களா அண்ணே?" என்பதே போதும்.

ஒரு கட்டும் ஒரு அட்டையும்

எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் மீதி சுலபமாகப் புரியும். செவ்வாப்பேட்டையில் ஒரு மரச்சாமான் கடை. பக்கத்துப் பட்டறையில் கொலுசு தட்டும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கடைப் பெரியவர் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்துப் போட்டார். பழைய மாதக் காலண்டர் தாளில் சுற்றி, வாழைநாரால் கட்டியிருந்தது.

"தம்பி, இது மழையில நனைஞ்ச சரக்கு. எஸ்டேட்ல இருந்து வந்தது. உங்களுக்கு எதுக்கு இது?"

"பார்த்துட்டுத் தர்றேங்கய்யா."

மேலே இருந்தது ஜிம் ரீவ்ஸ் அட்டை. ஓரம் செல்லரித்து, முதுகு பிரிந்து, பூஞ்சை பூத்து இருந்தது. அந்த அட்டையைப் பார்த்து நான் ஓரமாக வைக்கப்போனேன். என்னவோ, பழக்கதோஷத்தில் தட்டை வெளியே எடுத்தேன். உள்ளே இருந்தது அட்லாண்டிக் முத்திரை. அரீத்தா ஃபிராங்க்ளின். லேபிள் ஓரத்தில் நீல மையில் இரண்டு எழுத்து இனிஷியல், சின்னதாக, பள்ளிக்கூட நோட்டில் எழுதுவது போல அழகாக. யாரோ ஒருவர் நண்பர்களின் ரெக்கார்டோடு கலந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார், அப்புறம் ஒரு நாள் அவசரத்தில் வேறு அட்டையில் செருகியிருக்கிறார். அந்த அவசரம்தான் தட்டைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அரீத்தாவின் அட்டை அந்தக் கட்டில் இல்லவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. எந்த அட்டையையும் நம்பாதே, எல்லாத் தட்டையும் வெளியே எடு. நல்ல அட்டைக்குள் வேறு தட்டு இருந்து ஏமாந்ததும் உண்டு. இரண்டு பக்கமும் இந்த விதி பொருந்தும்.

தட்டைப் படிப்பது

தட்டை எடுக்கும்போது ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொடுங்கள். விரல் எண்ணெய் பாட்டு பதிந்த வரிப்பள்ளத்தில் படக் கூடாது. எடுத்த உடனே எந்த வகை என்று பாருங்கள். பன்னிரண்டு அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் எல்.பி. ஏழு அங்குலம், 45 சுற்று என்றால் சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு. பத்து அங்குலமாக, கையில் கனத்து, தட்டினால் பீங்கான் மாதிரி ஒலித்தால் அது 78 சுற்று அரக்குத் தட்டு. அதைக் கீழே போட்டால் உடையும். அதில் ஆங்கிலப் பாட்டு இராது என்று ஒதுக்கிவிட வேண்டாம். மற்ற நாடுகள் நிறுத்திய பிறகும் இந்தியாவில் அரக்குத் தட்டு வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-ல் வந்திருக்கின்றன.

சோல் தேடுகிறவர்களுக்கு ஏழு அங்குலத் தட்டுதான் பெரிய ஆசை. நடுத்துளை சின்னதாக இல்லாமல் ஒன்றரை அங்குலம் அகலமாக இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பலில் போனவரோ வெளிநாட்டில் படித்தவரோ கொண்டுவந்திருப்பார். அதைப் போட நடுவில் வைக்கும் ஒரு அடாப்டர் வேண்டும், விலை குறைவுதான். ஸ்டாக்ஸ் முத்திரையை அடையாளம் காண்பது எளிது. 1968 வரை அடுக்கி வைத்த ரெக்கார்டுகளின் படம், அதன் பிறகு சொடுக்குப் போடும் விரல்கள். இந்தியாவில் அச்சான ஆங்கிலத் தட்டுகளில் கிராமபோன் கம்பெனியின் டம்டம் ஆலைப் பெயரோ, பாலிடார் பெயரோ, எண்பதுகள் என்றால் சி.பி.எஸ். பெயரோ லேபிளின் விளிம்பில் சின்ன எழுத்தில் இருக்கும். இந்திய அச்சு என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய அச்சுக்கென்றே தேடி அலைகிறார்கள்.

இப்போது டார்ச். கடையின் டியூப்லைட்டில் எல்லாத் தட்டும் நல்ல தட்டுதான். வாசலுக்கு வந்து வெயிலில், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தட்டை மெல்லத் திருப்புங்கள். மெல்லிய தலைமுடி போன்ற கோடுகள் பரவாயில்லை, உறை உரசியதால் வந்தவை, சத்தத்தில் அதிகம் தெரியாது. ஒரு கோடு ஆழமாகத் தெரிந்தால் நகத்தின் பக்கவாட்டால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் முள்ளும் தடுக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் சும்மா சொல்வதில்லை, ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது இந்த வகைக் கீறலால்தான்.

கீறலைவிடப் புதியவர்களை ஏமாற்றுவது தேய்மானம். நல்ல தட்டின் பள்ளங்கள் ஈரக் கருப்பாக மின்னும். கனமான முள்ளால் தேய்ந்த தட்டு சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருக்கும், குறிப்பாகச் சத்தம் உரக்க வரும் இடங்களிலும் லேபிளுக்குப் பக்கத்திலுள்ள கடைசிப் பாட்டிலும். எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் பாருங்கள். தட்டை மாட்டும்போது பிளேயரின் நடுக்கம்பியைத் தேடித் தடவிய மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அத்தனை முறை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காகவே விலக்க வேண்டாம். பிரியப்பட்டுக் கேட்ட தட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களும் உண்டு.

கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்கள். அலை போல எழும்பினால் வளைந்திருக்கிறது. ஒரு விரல் கனத்துக்கு எழும்பினால் விட்டுவிடுங்கள். கடைசியாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் அந்த வழுவழுப்பான வளையத்தில் கையால் பொறித்த அல்லது அச்சில் பதிந்த எண்கள் இருக்கும். எந்த அச்சு என்று சொல்லும் எண் அது. போனில் டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டுப் பட்டியல் தளத்தில் அதைத் தட்டிப் பார்த்தால் நாடு, ஆண்டு, மற்றவர்கள் கொடுத்த விலை எல்லாம் வரும். மலைமேல் பல இடங்களில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச் சரக்கில் பூஞ்சை நிச்சயம் இருக்கும். 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் மூடுபனி, மூடிய பங்களா. தட்டின் மேல் வெள்ளைப் புள்ளியாகப் பூத்த பூஞ்சை கழுவினால் பெரும்பாலும் போய்விடும். உறைத்தாள் தட்டோடு ஒட்டி, பிய்த்தால் தாள் படிந்து வருகிறது என்றால் வேண்டாம். பூஞ்சை பிடித்த அட்டையை வீட்டில் மற்ற அட்டைகளோடு வைக்கவும் கூடாது.

விலை

எந்தத் தட்டுக்கும் நிலையான விலை கிடையாது. நான் கட்டாக விலை பேசுவேன். ஒரே ஒரு தட்டை எடுத்து ஆசையாகப் பார்த்தால் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவரும் வியாபாரம் செய்ய வேண்டும். பத்துத் தட்டை ஒதுக்கி, "எல்லாம் சேர்த்து என்ன சொல்றீங்க?" என்று கேளுங்கள். அதே சமயம், அரிய தட்டு என்று உங்களுக்குத் தெரிந்தும் குப்பை விலைக்கு அமுக்கிக்கொண்டு வராதீர்கள். அரீத்தாவுக்கு நான் பெரியவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். பித்தளைப் புனல் வைத்த கிராமபோனைக் காட்டி அந்தக் காலத்துச் சொத்து என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள், புதிதாகக் கோத்தவை நிறைய விற்கின்றன.

மலைமேல்

மேலே கடை கடையாகத் தேடுவதை விட ஆட்களிடம் பேசுவதுதான் பலன் தரும். ஒண்டிக்கடைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள். தங்கும் இடம் பழைய பங்களா என்றால் அங்கே பல வருஷமாகச் சமைக்கிற அக்காவிடம் கேளுங்கள். பரணில் என்ன கிடக்கிறது என்று முதலாளியைவிட அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் விற்க மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், போட்டுக் கேட்க விட்டால் போதும் என்று உட்காருங்கள். மே மாதக் கோடை விழா சமயத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதற்கெல்லாம் யாருக்கும் நேரமிருக்காது. கூட்டம் குறைந்த வாரநாளில் போங்கள்.

இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. தட்டுகளைச் செங்குத்தாக, இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்து, துணிப்பைகளுக்கு நடுவில் இறுக்கமாக நிறுத்துங்கள். படுக்கப் போட்டு மேலே பலாப்பழத்தை வைக்காதீர்கள். மலைமேல் குளிராக இருந்ததை நம்பி, சேலத்தில் சாப்பிட இறங்கும்போது காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் தட்டு அப்பளமாக வளையும். நான் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவதற்குள் இரண்டு எல்.பி. இழந்திருக்கிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாப்பிடுங்கள்.

வீட்டில்

கழுவாமல் போடாதீர்கள். தூசியோடு போட்டால் முள் அதைப் பள்ளத்தில் அரைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி போதும். லேபிளை நனைக்காமல், பள்ளம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை அலசி, தட்டு நிறுத்தும் ஸ்டாண்டில் நிழலில் காயவிடுங்கள். சிலர் இதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் சேர்ப்பார்கள். எல்.பி.க்கு அது ஆகும். 78 அரக்குத் தட்டில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டே போய்விடும்.

முள்ளும் வேறு வேறு. 78-ன் பள்ளம் எல்.பி.யை விட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்கென்று தனி முள் வேண்டும். சாவி கொடுக்கும் கிராமபோனின் எஃகு முள்ளை எல்.பி.யில் ஒரு முறை வைத்தாலும் அந்தத் தட்டு முடிந்தது. தாத்தா வீட்டில் எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயர் பெட்டி இருக்கிறதென்றால் ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேடிப் பிடித்த தட்டை அதில் போடும் முன் முள்ளை மாற்றுங்கள்.

உள்உறையில் பென்சிலால் தேதியும் வாங்கிய இடமும் எழுதி வைப்பது என் வழக்கம். அரீத்தாவின் உறையில் அந்த இரண்டு எழுத்து இனிஷியலையும் சேர்த்து எழுதினேன். அடுத்த முறை சேலம் போனபோது, அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டைப் போனில் பதிவு செய்து எடுத்துப் போய்ப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கொலுசுப் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் போனைக் காதோடு வைத்து முழுவதும் கேட்டார். "நனைஞ்ச சரக்குன்னு சொன்னேன்ல, அதுவா இது?" என்றவர், எழுந்து உள்ளே போய் இன்னொரு கட்டைத் தூக்கி வந்தார்.